அன்னக்கரை போட்ட ராணி

அந்த மெட்ராஸ் நடிகை மட்டும் ஒழுங்கா ஒரு செருப்பு போட்டுக்கினு வந்திருந்தா நான் ராணி ஆயிருக்கவே மாட்டேன். குதிகால் ஒசந்த செருப்ப மாட்டிக்கினு செஞ்சிக் கோட்ட ராஜகிரி மல அடிவாரத்துல வந்து நின்னாங்க. தலைய தூக்கி மலைய பாத்தாங்க. பாத்துக்கினே இருந்தாங்க. அப்பால ஒரு பாற மேல உக்காந்து, "ஊருக்கு பஸ் எப்ப?"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான். மத்தியான பஸ்லயே போயிட்டாங்க.

அறுபத்தி நாலாம் வருசம் அது. தீவாளி முடிஞ்சி, மழ விட்டு, கோட்டைக்குள்ள புல்லு இடுப்பளவு நின்ன சமயம். நான் புல்லறுத்து கட்டி, கட்ட தலைல வெச்சிக்கினு மேலேருந்து எறங்கி வர்றேன். கீழ ஒரு பொம்பள. கத்தரிச்ச முடி, ஆம்பள சட்ட, கழுத்துல கயிறு கட்டி தொங்கவிட்ட ஒரு கண்ணாடி. வெச்ச கண்ணு வாங்காம என்னையே பாத்துக்கினு நின்னுது. எனக்கு சுர்ருன்னு வந்திச்சி. "இன்னா பாக்குற? புல்லுக்கட்டு பாத்ததில்லியா?"ன்னு கேட்டுட்டேன்.

அது கோவிச்சுக்கல. "உங்க பேரு என்ன?"ன்னு கேட்டுது.

உங்க பேரு. நான் பின்னால திரும்பி, யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்தேன். அதுவரைக்கும் செஞ்சி பஜார்ல ஒருத்தர் வாயிலேருந்தும் எனக்கு 'உங்க' வந்ததில்ல. இப்ப காலனின்னு மரியாதையா சொல்றாங்க, அப்ப அது சேரிதான். சேரிப் பொம்பளய 'ஏ, இந்தா'ன்னு கூப்புடுவாங்க. பேருன்னு ஒண்ணு இருக்குதுன்னே எவனுக்கும் தோணாது.

"மீனம்பாள்"னேன்.

"நான் சாமுண்டீஸ்வரி. படம் எடுக்க வந்திருக்கோம். இப்ப எறங்கி வந்தீங்களே, அதே மாதிரி இன்னொரு தடவ எறங்குவீங்களா?"

"கட்டோடவா, கட்டு இல்லாமயா?"

அதுக்கு சிரிப்பு வந்துடுச்சி. எனக்கும்தான். அப்பிடித்தான் நான் சினிமாவுக்குள்ள போனது. சிபாரிசு எல்லாம் கெடையாது, புல்லுக்கட்டுதான் சிபாரிசு.

டைரக்டரம்மாவுக்கு கோடம்பாக்கத்துல படத்த வெட்டி ஒட்டுற ரூம்ல வேல. பெரிய படக்காரங்க எடுத்து மிச்சமான துண்டு பிலிம குப்பையில போடுவாங்களாம். அத்த சேத்து வெச்சி சேத்து வெச்சி, தன் படம்னு ஒண்ணு எடுக்க வந்திருந்தாங்க. கூட ஒரு கேமராக்காரரு, ஒரு உதவியாளு. அவ்ளோதான் கம்பெனி. நியூஸ் ரீல் அளவு ஓடுற சின்ன படம். பேச்சு கெடையாது, பாட்டு கெடையாது. "பாட்டு இல்லன்னா அப்புறம் அது இன்னா படம்?"ன்னு நான் கேட்டேன். "எடுத்து முடிச்சாதான் எனக்கே தெரியும்"னாங்க. அந்த பதில் எனக்கு புடிச்சிது.

கத செஞ்சியில பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். ராஜா சண்டையில செத்துட்டாரு. செட்டிக்குளத்து கரையில சித அடுக்கி ராணி நெருப்புல எறங்கிட்டா. எங்க ஊர்ல இத்த கும்புட்டு சொல்லுவாங்க. டைரக்டரம்மா படத்துல ராணி மலையிலேருந்து எறங்கி வர்றா. ஊரே சுத்தி நிக்குது. நெருப்பப் பாக்குறா. பாத்துட்டு, அத்த தாண்டி கோட்ட வாசல் வழியா நடந்து போயிடுறா.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஊரு சும்மா விடுமா?"

"விடுமா விடாதான்னு பாக்கத்தான் எடுக்கறேன்"னாங்க.

மொதல் நாளே வில்லங்கம். ராணி புடவ, கிரீடம், சேவகனுங்க உடுப்பு எல்லாம் ஒரு ட்ரங்கு பொட்டியில போட்டு பஸ் மேல ஏத்தி இருந்தாங்க. கண்டக்டர் ஆதிமூலம் செஞ்சியில அத்த எறக்க மறந்துட்டான். பொட்டி நேரா திருவண்ணாமலைக்கு போயி, அங்கேருந்து எந்த பஸ்ல ஏறிச்சோ, இன்னிக்கு வரைக்கும் ஊரு வந்து சேரல. ஆதிமூலத்துக்கு ஒரே வெக்கம். மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்டுல சும்மா இருந்த கண்டக்டரு டிரைவரு எல்லாரையும் கூட்டிக்கினு கோட்டைக்கு வந்துட்டான். "நாங்க சேவகனா நிக்கிறோம்மா, ஆனா எங்ககிட்ட காக்கிதான் இருக்குது"ன்னான். டைரக்டரம்மா கொஞ்ச நேரம் அவங்கள சுத்தி சுத்தி பாத்தாங்க. "காக்கியே இருக்கட்டும். இதுதான் செரி"ன்னாங்க. ஆதிமூலம் தோள்லேருந்து டிக்கெட் பைய கூட எறக்கல. எறக்கி வெச்சா எவனாச்சும் தூக்கிடுவான்னு பயம்.

ராணிக்குப் புடவ? அதுக்கு வந்தாங்க வேதநாயகி அம்மா.

செஞ்சி டெண்ட் கொட்டாய் மொதலாளி ராஜாங்கம். பஜார்ல எண்ணெ கட, ஊருக்கு வெளிய கொட்டாய். வேதநாயகி அம்மா அவரு சம்சாரம். பொம்பளைங்க பக்கத்து கவுண்டர்ல அவங்கதான் டிக்கெட் கிழிப்பாங்க. எங்க ஊட்டுக்காரரு கன்னியப்பன் அந்த கொட்டாய்ல தண்ணி தெளிக்கிறதுலேருந்து வெளம்பர வண்டி தள்ற வரைக்கும் எல்லா வேலயும் பாத்தாரு. சினிமாக்காரங்க வந்திருக்காங்கன்னு மொதலாளி சாப்பாடு குடுத்து அனுப்ப சொல்ல, கேரியரோட அந்தம்மாவே கோட்டைக்கு வந்தாங்க. பொட்டி தொலஞ்ச கதய கேட்டாங்க. வூட்டுக்குப் போயி, சாயங்காலத்துக்குள்ள ஒரு துணிப் பையோட திரும்பி வந்தாங்க.

உள்ள அவங்க கல்யாண கூறப்புடவ. ஆரணியில சொல்லி நெய்ஞ்ச அரக்குப் பட்டு. கரை நெடுக ஒரு சாண் அகலத்துக்கு அன்னப்பட்சி, ஒண்ணு மூக்க ஒண்ணு பாத்துக்கினு.

கோட்டைக்குள்ள இருக்குற கல்யாண மகால்ல வெச்சி கட்டி விட்டாங்க. அவங்க கையாலயே. நான் தன்னப்போல ஒதுங்கி ஒதுங்கி போறேன். பழக்கம் அப்பிடி. மேல பட்டுடப் போறனேன்னு ஒடம்பு தானா பின்னால போவுது. அந்தம்மாவுக்கு எரிச்சல் வந்துடுச்சி. "ஏண்டி இப்பிடி நெளியிற? நீ ஓடினா நான் எப்பிடி கொசுவம் வெக்கறது?"ன்னு இடுப்ப புடிச்சி இழுத்து நிறுத்தினாங்க. எனக்கு அழுவ வந்துடுச்சி. புடவைக்காக இல்ல. அந்த கைக்காக. அத்த இப்ப சொன்னா ஒங்களுக்கு புரியுமோ புரியாதோ.

"வூட்ல தெரியுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"தெரிஞ்சா நீ ஏன் இங்க நிக்கிற, நான் ஏன் இங்க நிக்கிறேன்?"ன்னாங்க.

சித பக்கத்துல உக்காந்து மாரடிக்க எங்க சேரிப் பொம்பளைங்களயே கூட்டிக்கினு வந்தேன். சின்னப்பொண்ணு, அவ ஓரகத்தி, இன்னும் அஞ்சாறு பேரு. மேலேருந்து நான் எறங்கினேன். ராணி எப்பிடி எறங்குவான்னு எனக்கு எங்க தெரியும், பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போயி ஒல வெக்கணும்னு எறங்குற மாதிரிதான் எறங்கினேன். சித கிட்ட வந்தேன். "நெருப்ப பாத்துக்கினே நில்லுங்க, நான் சொல்ற வரைக்கும் நில்லுங்க"ன்னு டைரக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நின்னேன். அனல் மூஞ்சில அடிச்சிது. அப்பால அடுப்பு எரியுதான்னு எட்டிப் பாத்துட்டு போறவ மாதிரி போயிட்டேன். காக்கி போட்டவங்க ஒதுங்கி வழி விட்டாங்க. சின்னப்பொண்ணு எழுந்தா, என் பின்னால வந்தா. ஒவ்வொருத்தியா எழுந்து வந்தாங்க. அத்த யாரும் சொல்லிக் குடுக்கல. "நீ போற, நாங்க மட்டும் அங்க உக்காந்து இன்னா பண்றது?"ன்னு அப்புறமா கேட்டா சின்னப்பொண்ணு. டைரக்டரம்மா கேமராவ நிறுத்தவே இல்ல.

அப்புறம் அவங்க மெட்ராஸ் போயிட்டாங்க. எங்க தெருவுல ஒரே பேச்சு. படம் வரட்டும், பாரு, நம்ம மூஞ்சி தெரையில பெருசா வரும்னு நான் எல்லாருக்கும் வாக்கு குடுத்துட்டேன். தை வந்திச்சி, படம் வரல. மாசி வந்திச்சி, வரல. புல்லறுக்கப் போனா, "இன்னா ராணியம்மா, நடந்தா போறீங்க? பல்லக்கு எங்க?"ன்னு கிண்டல். சின்னப்பொண்ணோட மாமியா, "படமும் இல்ல கிடமும் இல்ல, இவ எவனோட போயிட்டு வந்தாளோ"ன்னு கூட ஒரு வார்த்த விட்டுச்சி. நான் அவ வூட்டு முன்னாடியே போயி நின்னு கேட்டேன், அது வேற கத. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு அவமானமா இருந்திச்சி. அந்தப் படத்த எங்க பொம்பளைங்களுக்கு காட்டாம எனக்கு தூக்கம் வராதுன்னு ஆயிடுச்சி.

சித்திரையில டைரக்டரம்மா திரும்ப வந்தாங்க, தனியா. கையில ஒரு தகர டப்பா. மத்தியானம் காலி கொட்டாய்ல உக்காந்து பேசினோம். டைரக்டரம்மாவும் வேதநாயகி அம்மாவும் பெஞ்சுல, நான் மணல்ல.

"சென்சார்ல சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்னுட்டாங்க"ன்னாங்க. "அந்த ஆபீசர் நல்லவருதான். டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. ராணி நெருப்ப பாக்குறாங்க இல்ல, அந்த எடத்தோட முடிச்சிடும்மா, அதுக்கப்புறம் வர்றத வெட்டிட்டு வா, நாளைக்கே சர்டிபிகேட் தர்றேன்னாரு."

"எதுக்கு வெட்டணுமாம்?"ன்னு நான் கேட்டேன்.

"காக்கி போட்டவங்க ஒதுங்குறாங்க, பொம்பளைங்க ஊர்வலம் மாதிரி போறாங்க. போலீச கேலி பண்றியான்னு கேட்டாரு. தையில இந்தி எதிர்ப்பு மாணவர் கலவரம் நடந்து, துப்பாக்கி சூடு நடந்து, ஊரே கொதிச்சிக் கெடக்குது. சைனா சண்டைக்கு போட்ட அவசரச் சட்டம் வேற இன்னும் எடுக்கல. இந்த நேரத்துல இத விட முடியாதாம்."

"அது போலீசு இல்லியே. நம்ம ஆதிமூலம்தான. தோள்ல டிக்கெட் பை தொங்குதே."

"சொன்னேன். அப்ப கண்டக்டருங்க ஏன் சிதைக்கு காவல் நிக்கிறாங்கன்னு கேட்டாரு."

வேதநாயகி அம்மா வாய பொத்திக்கினு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. நான் வேற ஒண்ணு யோசிச்சிக்கினு இருந்தேன்.

"நெருப்போட முடிச்சா, நான் அதுல எறங்கி செத்துட்டேன்னு ஆயிடும்ல?"

"ஆமா, மீனம்பாள். அப்பிடித்தான் ஆயிடும்."

எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. மலையிலேருந்து எறங்கினது நானு, அனல் பட்டது என் மூஞ்சி, நடந்து போனது என் காலு. எங்கியோ ஒருத்தன் நாக்காலியில உக்காந்துக்கினு கத்திரிய எடுத்து என்ன நெருப்புல தள்ளுறான். "நீங்க வெட்டினீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் கோவமாத்தான் கேட்டேன்.

"வெட்டல. வெட்ட மாட்டேன். அதனாலதான் டப்பாவோட வந்திருக்கேன். வேல போயிடுச்சி, பம்பாய்க்கு போறேன். போறதுக்குள்ள ஒரு தடவயாச்சும் அந்த பொம்பளைங்களுக்கு காட்டணும்."

வேதநாயகி அம்மா சிரிப்பு நின்னு போச்சி. "சர்டிபிகேட் இல்லாத படத்த ஓட்டினா கொட்டாய் லைசென்சு போயிடும்"னாங்க. "அவரு என்ன வூட்டவுட்டே தொரத்திடுவாரு. என்னால ஆவாது."

அவங்கள கொற சொல்ல முடியாது. அந்தக் கொட்டாய நெனச்சா இன்னிக்கும் எனக்கு மூக்குல வாசன வருது. தண்ணி தெளிச்ச மணலு, வறுத்த வேர்க்கடல, பீடி, பொம்பளைங்க தலையில கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு வாசன கெடையாதுன்னு சொல்லுவீங்க. கொட்டாய்க்குள்ள இருந்துச்சி. தரையில நாங்க மணல குமிச்சி மேடு கட்டி அதும்மேல உக்காருவோம். பின்னால இருக்கறவ "ஏய், மேட்ட கொறடி, தெர தெரியல"ன்னு கத்துவா. பெஞ்சுல பஜார் வூட்டு அம்மாங்க முறுக்கு கடிச்சிக்கினு எங்கள பாத்து மொறைப்பாங்க. நடுவுல குட்டிச் செவுரு, அதுக்கு அந்தாண்ட ஆம்பளைங்க.

மெயின் படத்துக்கு முன்னால சர்க்கார் நியூஸ் ரீல் போட்டே ஆவணும், சட்டம். ஒரு ஆம்பள அத்த உக்காந்து பாத்து நான் பாத்ததில்ல. சிங்கத் தல வந்து கொட்டு மொழங்கின ஒடனே அத்தன பேரும் எழுந்து வேட்டிய ஒதறிக்கினு வெளிய போயிடுவானுங்க. பீடி, டீ, ஊர்க்கத. காவலுக்கு வந்த போலீசுகாரரும் கூடத்தான் போவாரு. மெயின் படத்துக்கு மணி அடிச்சாதான் உள்ள வருவாங்க. நாங்க போவ முடியுமா? மடியில ஒரு புள்ள, தோள்ல ஒரு புள்ள. உக்காந்து பாப்போம். நாட்டுல எங்கெங்க அணக்கட்டு கட்டறாங்க, எந்த மந்திரி எங்க கல்லு நட்டாருன்னு செஞ்சி ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எங்கள கேளுங்க.

அத்த நெனச்சதும் எனக்கு பளிச்சுனு வந்திச்சி. "ஏம்மா, இது நியூஸ் ரீல் அளவுதான ஓடும்?"ன்னேன்.

ரெண்டு பேரும் என்ன பாத்தாங்க. நான் மேற்கொண்டு ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல. வேதநாயகி அம்மா எழுந்து போயி தெரைய பாத்துக்கினு நின்னாங்க. "அந்தப் புடவ..."ன்னாங்க. அப்பால அவங்களே, "கறுப்பு வெள்ளதான. அரக்கு எவளுக்குத் தெரியப் போவுது"ன்னு தேத்திக்கிட்டாங்க. நாங்களும் ஆமாம் ஆமாம்னோம். மூணு பொம்பளைங்க, அதுல ஒருத்தி சினிமாவே தொழிலா வெச்சிருக்கறவ. ஒருத்திக்கும் புத்தி வேல செய்யல.

ஆபரேட்டர் பச்சமுத்துவ வேதநாயகி அம்மா எப்பிடி சம்மதிக்க வெச்சாங்களோ தெரியாது. சர்க்கார் ரீல்லேருந்து சிங்கத் தலையும் கொட்டு மொழக்கமும் இருக்குற துண்ட மட்டும் வெட்டி, எங்க படத்து தலையில ஒட்ட எடுத்துக் குடுத்தான். டைரக்டரம்மாதான் ஒட்டிக் குடுத்தாங்க, அது அவங்க வேலயாச்சே. மெயின் படம் ஒரு கத்திச் சண்ட படம், ஒரு வாரத்துக்கு. மொதலாளி வசூலு பாக்க கடைசியிலதான் வருவாரு, அவரு பயம் இல்ல. எங்க தெரு பொம்பளைங்க அத்தன பேரும் மொத நாளே வந்து மேடு கட்டி உக்காந்துட்டோம்.

சிங்கத் தல வந்திச்சி. கொட்டு மொழங்கிச்சி. ஆம்பளைங்க எழுந்து போனாங்க. ஒருத்தன் கூட திரும்பிப் பாக்கல. வேதநாயகி அம்மா ஆம்பள வாசல்ல தட்டிக்கு வெளிய காவல் நின்னாங்க, எவனாச்சும் முன்னாடியே உள்ள வந்துடுவானோன்னு.

தெரையில நான் எறங்கினேன். சத்தமே இல்ல, காத்து சத்தமும் கால் சத்தமும்தான். சின்னப்பொண்ணு என் தொடையில ஒரு குத்து குத்தினா. "ஏய், நாந்தான், நாந்தான்"னு அவ ஓரகத்தி முனகினா. எம்மாம் பெரிய மூஞ்சி. அது நாந்தான்னு நம்பறதுக்கே எனக்கு நேரம் புடிச்சிது. அழகின்னு என்ன யாரும் சொன்னதில்ல, ஆனா அந்த மூஞ்சிய எனக்கு புடிச்சிருந்திச்சி. நெருப்ப தாண்டி நான் போனப்ப ஒரு கொழந்த கூட அழுவல. பெஞ்சுல முறுக்கு கடிக்கிற சத்தம் நின்னு போச்சி.

அப்பதான் பெஞ்சுலேருந்து உண்ணாமல அம்மா கொரலு கேட்டுது. பஜார்ல ஜவுளிக் கடக்காரங்க சம்சாரம். துணின்னா அவங்களுக்கு கண்ணு இல்ல, தராசு. "அந்தக் கரைய பாத்தியா? அன்னம். அது வேதநாயகி கூறப்புடவடி"ன்னாங்க. காதுக்கு காது அந்தப் பேச்சு பெஞ்சு நெடுக போச்சி. கறுப்பு வெள்ளையில கலரு தெரியாது. கரை தெரியுமே. ஒவ்வொரு அன்னமும் ஒரு ஆள் ஒசரத்துக்கு தெரையில நீந்துது. நான் என் மூஞ்சியில மயங்கி கெடந்ததுல அத்த பாக்கவே இல்ல.

ஒண்ணு சொல்லணும். படம் ஓடுன விசயத்த ஒரு பொம்பள கூட வூட்டுல வாய் தொறக்கல. மறுநாளும் கூட்டம், அதுக்கு மறுநாளும் கூட்டம். அவலூர்பேட்டையிலேருந்து கூட வண்டி கட்டிக்கினு பொம்பளைங்க வந்தாங்க. "இன்னாடா இது, கத்திச் சண்டைக்கு இவ்ளோ பொம்பளைங்களா?"ன்னு ஆம்பளைங்க ஆச்சரியப்பட்டாங்க. ஆனா புடவ விசயம் அடங்குமா? எவ மூலமாவோ வேதநாயகி அம்மா மாமியா விருத்தாம்பாள் காதுக்கு போயிடுச்சி. ஓம் மருமவ கூறப்புடவைய ஒரு சேரிக்காரி கட்டிக்கினு கொட்டாய்ல நிக்கிறான்னு.

மொதலாளிக்கு அப்பதான் எல்லாம் தெரிஞ்சிது. அவரு நெலம திண்டாட்டம்தான். கொட்டாய்ல நடந்தத பத்தி சத்தம் போட்டா தெருவு கேக்கும், தெருவு கேட்டா போலீசு கேக்கும், லைசென்சு போயிடும். ரீல நிறுத்துடான்னு பச்சமுத்துகிட்ட சொல்லக் கூட அவருக்கு பயம், அவன் எவன்கிட்டயாச்சும் சொல்லிட்டா? அதனால அத்தன கோவமும் புடவ மேல திரும்பிச்சி. தீட்டுப்பட்ட புடவ வூட்ல இருக்கக் கூடாது, சனிக்கெழம சாயங்காலம் கொல்லையில போட்டு கொளுத்தணும், மருமவ தன் கையாலயே போடணும். மாமியா சொல்லிட்டாங்க, புள்ள தலையாட்டிட்டாரு. கன்னியப்பன் எனக்கு இத்த வந்து சொன்னப்ப நான் சோத்துல கைய வெச்சிருந்தேன். அப்பிடியே எழுந்துட்டேன். என் ஒடம்புல பட்டதுக்காக ஒரு புடவய எரிக்கிறாங்க. அந்தம்மா கை என் இடுப்புல பட்டதே, அந்தக் கைய இன்னா பண்ணுவாங்க?

இப்ப கொட்டாய் இல்ல. அந்த எடத்துல கல்யாண மண்டபம் வந்து, அதும் பழசாயிடுச்சி. டைரக்டரம்மா டப்பாவோட பம்பாய் போனாங்க, அப்புறம் ஒரு சேதியும் இல்ல. படம் எங்க கெடக்குதோ, கெடக்குதோ இல்லியோ. சின்னப்பொண்ணு போயிட்டா. வேதநாயகி அம்மாவும் போயி பல வருசம் ஆச்சி. செஞ்சிக்கு இப்ப ஷூட்டிங்னு வர்றவங்க என்ன ஒரு கெழவின்னு தாண்டிப் போறாங்க. போவட்டும். அந்த சனிக்கெழம எனக்கு இருக்குது.

அன்னிக்கித்தான் படத்துக்கு கடைசி நாளு. கவுண்டர்ல வேற யாரோ உக்காந்திருந்தாங்க. நான் மேடு கட்டாம வெறும் மணல்ல உக்காந்திருந்தேன். எனக்கு எதுவும் ருசிக்கல. என்னாலதான இதெல்லாம், பேசாம புல்லறுத்துக்கினு இருந்திருக்கலாம்னு நெனச்சேன். சிங்கத் தல வந்திச்சி. ஆம்பளைங்க எழுந்து போனாங்க. அப்ப பொம்பள வாசல்ல தட்டி வெலகி, வேதநாயகி அம்மா உள்ள வந்தாங்க.

கட்டியிருந்தது அரக்குப் பட்டு, அன்னக்கரை. தெர வெளிச்சத்துல ஒவ்வொரு அன்னமா மின்னுது. பெஞ்சுல இருந்தவங்க நவுந்து எடம் விட்டாங்க. அந்தம்மா நிக்கல. பெஞ்ச தாண்டி, குட்டிச் செவுத்தோரமா நடந்து வந்து, என் பக்கத்துல மணல்ல உக்காந்தாங்க. தோளோட தோளு.

"அம்மா, புடவ பாழாயிடும்"னேன்.

"நெருப்பு போட்டுட்டாங்கடி, கொல்லையில"ன்னாங்க. கொழம்பு தாளிச்ச கத மாதிரி சொல்றாங்க. "மாமியா, அவரு, நாத்தனாரு எல்லாரும் சுத்தி நின்னாங்க. புடவய எடுத்துக்கினு வான்னாங்க. உள்ள போயி பொட்டிய தொறந்தேன். எடுத்து கட்டிக்கினேன். வந்து நெருப்ப பாத்தேன். பாத்துட்டு வாசப்பக்கமா வந்துட்டேன்."

"யாரும் தடுக்கலியா?"

"அவருக்கு வாய் வரல. கத்தினா தெருவு கேக்குமே." அவங்களுக்கு மூச்சு வாங்கிச்சி. பஜார் நெடுக நடந்தே வந்திருக்காங்க. "சும்மா இரு, பேசாத. வாசல்ல காவல் நின்னு நின்னு நான் இன்னும் இத்த ஒரு தடவ கூட பாக்கல."

தெரையில நான் எறங்கி வந்தேன். அவங்க புடவயில. பக்கத்துல அவங்க, அதே புடவயில. சித கிட்ட வந்து நின்னேன். டைரக்டரம்மா அங்க ரொம்ப நேரம் நிக்க வெச்சிருந்தாங்க இல்ல, அந்த எடம். மூஞ்சியில அனல் ஆடுது. அந்தம்மா என் மணிக்கட்ட புடிச்சிக்கினாங்க, வளையலு என் எலும்புல பதியுது. தெரைய பாத்து மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "நிக்காதடி. போ"ன்னாங்க.

நான் போனேன். சின்னப்பொண்ணு எழுந்து பின்னால வந்தா. அந்தம்மா அழுதுக்கினே இருந்தாங்க, கைய விடல.

மணி அடிச்சாங்க. ஆம்பளைங்க பீடி நாத்தத்தோட உள்ள வந்து உக்காந்தாங்க. குட்டிச் செவுத்துக்கு அந்தாண்டயிருந்து ஜவுளிக் கடக்காரரு எட்டிப் பாத்து, "உண்ணாமல, இன்னிக்கு இன்னா நியூஸு?"ன்னு கேட்டாரு.

உண்ணாமல அம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரு தரம் பாத்தாங்க. அப்பால முறுக்க ஒடச்சி வாயில போட்டுக்கினு, "இன்னா நியூசு, எப்பவும் போல அணக்கட்டுதான்"னாங்க.